பல்லோடு வந்த எலும்பு

ஜார்ஜியா நாட்டின் டமனிசியில் கிடைத்த ஒரு மண்டையோட்டின் வயது சுமார் 17.7 லட்சம் ஆண்டுகள். அதன் தாடைகளில் ஒரே ஒரு பல்லின் இடம் தவிர மற்ற எல்லாம் வெறுமை. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் பற்கள் உதிர்ந்திருக்கலாமே என்று தோன்றும். அப்படி உதிர்ந்திருந்தால் பற்கள் நின்ற குழிகள் திறந்தபடியே இருந்திருக்கும். இங்கே குழிகளே இல்லை. எல்லாம் தூர்ந்து, தாடையின் விளிம்பு மழுங்கிக் கரைந்திருந்தது. ஆகவே அந்த மனிதர் பற்களை இழந்த பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் என்று ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். மெல்ல முடியாத ஒருவரைக் கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்களா என்ற விவாதம் அதிலிருந்துதான் கிளம்பியது.

அந்த முடிவுக்கு அடியில் இருப்பது எளிய உடலியல். பல் போனால் அதைத் தாங்கிய எலும்பும் போகும். உயிருள்ள உடல்தான் இதைச் செய்யும். இறந்த உடலில் குழி குழியாகவே கிடக்கும். இன்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி வீடு திரும்பும் ஒவ்வொருவர் தாடையிலும் அதே வேலை சில நாட்களுக்குள் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலானோர் அதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படுவது ஓரிரு ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தில் இம்பிளாண்ட், அதாவது தாடையெலும்பில் பதிக்கும் செயற்கை வேர், வைக்கலாமா என்று கேட்கப் போகும்போது. "எலும்பு போதவில்லை" என்கிறார் மருத்துவர். புண் நன்றாகத்தானே ஆறியது, எலும்பு எங்கே போயிற்று என்று கேட்பவருக்கு ஒன்றும் புரிவதில்லை. பல்லை எடுப்பதற்கு முன்பே ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசியிருந்தால் பலருக்கு அந்த நிலை வந்திருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பேச வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

யாருக்குச் சொந்தமான எலும்பு

தாடை ஒரே எலும்பு போலத் தெரிந்தாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. அடியில் இருப்பது தாடையின் உடல். அது நம்மோடு கடைசிவரை இருக்கும். அதன்மேல் வரப்பு கட்டியதுபோல எழுந்து பற்களைச் சுற்றி நிற்பது பற்குழி எலும்பு. இந்த வரப்பு பிறக்கும்போதே முழுதாக வந்துவிடுவதில்லை. பல் முளைக்க முளைக்க, அதோடு சேர்ந்துதான் உயர்கிறது. ஒரு பல்லின் கருவே உருவாகாமல் பிறந்த குழந்தைகளைப் பார்த்தால் இது தெளிவாகும். அந்த ஓரிடத்தில் மட்டும் வரப்பு ஒல்லியாக, உள்வாங்கிக் கிடக்கும். பல் வரவில்லை, எனவே அதன் எலும்பும் வரவில்லை.

பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் குழிச்சுவருக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மி.மீ. இடைவெளி உண்டு. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் ஒருபக்கம் வேரிலும் மறுபக்கம் எலும்பிலும் பதிந்து பல்லைத் தொங்கவிட்டபடி பிடித்திருக்கின்றன. நாம் கடிக்கும்போது பல் கீழே அழுந்துகிறது, நார்கள் எலும்பை இழுக்கின்றன. கடியின் அழுத்தம் எலும்பைச் சேரும்போது இழுவிசையாக மாறிவிடுகிறது. அந்த இழுப்புதான் எலும்புக்குத் தினசரி வேலை. சுமைக்கு ஏற்பத்தான் எலும்பு தன்னை வடிவமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். பற்குழியில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

குழியின் உட்புறம், நார்கள் வந்து பதியும் மெல்லிய அடுக்குக்குக் கற்றை எலும்பு என்று பெயர். நார்க்கற்றைகள் செருகியிருப்பதால் அந்தப் பெயர். இந்த அடுக்கு முழுக்க முழுக்கப் பல்லின் உடைமை. நார்கள் அறுந்தால் அதற்கு வேலையும் இல்லை, நார்களின் வழியாக வந்துகொண்டிருந்த இரத்தமும் இல்லை. உடல் அதைக் கரைத்து எடுத்துவிடுகிறது.

உட்புறத்து அடுக்கு மட்டும்தானே என்று விட்டுவிடலாம்போலத் தோன்றும். ஆனால் உதட்டுப்பக்கச் சுவரைக் கவனியுங்கள். மேல் முன்பற்களுக்கு வெளியே இருக்கும் எலும்புச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு; ஏறக்குறைய பாதிப்பேருக்கு அரை மி.மீ. கூட இருப்பதில்லை. ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு மெல்லிய சுவரில் கற்றை எலும்பு போக மிஞ்சுவது எதுவுமில்லை. எனவே கற்றை எலும்பு கரையும்போது மேல்விளிம்பில் சுவரே கரைந்துவிடுகிறது. அண்ணத்துப் பக்கச் சுவர் தடிமனானது, அது தாக்குப்பிடிக்கும். யான் லிந்தேவும் மவுரிசியோ அராவுஜோவும் 2005இல் நாய்களில் செய்த ஆய்வில் எட்டு வாரங்கள் வரை தொடர்ந்து இதைத் திசுக்களில் காட்டினார்கள். இன்று பல் எடுக்கும் முறைகளில் ஏற்பட்டிருக்கும் மாற்றங்களில் பாதிக்கு அந்த ஆய்வுதான் வேர்.

குழி நிரம்புகிறது, வரப்பு ஒடுங்குகிறது

பல்லை எடுத்தவுடன் குழியில் இரத்தம் நிரம்பி உறைகிறது. முதல் வாரத்துக்குள் அந்த உறைகட்டியின் இடத்தைச் சிவந்த இளந்திசு பிடிக்கிறது. நான்கைந்து வாரங்களில் ஈறு மேலே மூடிவிடும். உள்ளே, குழியின் அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் இளம் எலும்பு வலைபோலப் பின்னிக்கொண்டு மேலேறும். மூன்று நான்கு மாதங்களில் குழியின் பெரும்பகுதி எலும்பால் நிரம்பிவிடும். அது முதிர்ந்து கெட்டிப்பட இன்னும் மாதங்கள் ஆகும்.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. இதே காலத்தில் வெளிப்புறத்தில் எலும்பு தின்னும் செல்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. குழிக்குள் எலும்பு வளர்கிறது, அதே நேரத்தில் குழியைச் சுற்றியிருந்த சுவர் ஒடுங்குகிறது. குழி ஆறிவிட்டது என்பதும் எலும்பு போய்விட்டது என்பதும் ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் போலத் தோன்றும். இரண்டும் ஒரே தாடையில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சாதாரணப் பல் எக்ஸ்ரே இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. அது தாடையை முன்னிருந்து பின்னாகத் தட்டையாக்கிக் காட்டும் நிழற்படம். குழி நிரம்பியது அதில் தெரியும், வரப்பின் அகலம் தெரியவே தெரியாது. அகலத்தைப் பார்க்க முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும், அல்லது அனுபவமுள்ள விரல் வேண்டும்.

எவ்வளவு ஒடுங்குகிறது? டென்மார்க்கில் லார்ஸ் ஷ்ரோப்பின் குழு 46 பேரின் பின்பற்களை எடுத்து, 12 மாதம் தொடர்ந்து அளந்து 2003இல் வெளியிட்டது. தொடக்கத்தில் சராசரியாக 12 மி.மீ. இருந்த வரப்பின் அகலம் ஆண்டு முடிவில் 5.9 மி.மீ. ஆகிவிட்டது. ஏறத்தாழ பாதி. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே நடந்துவிட்டது. "ஆறட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுபவர் பார்க்க வரும்போது பெரும் இழப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இது நடப்பதில்லை. மேல் முன்பற்களைக் குறித்து பெர்ன் பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். வெளிச்சுவர் 1 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் சுவரின் நடுப்பகுதி இழந்த உயரம் 1.1 மி.மீ. மட்டுமே. சுவர் 1 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 7.5 மி.மீ. இரண்டுமே இடைநிலை அளவுகள்தான் என்றாலும் வித்தியாசம் ஆறு மடங்குக்கு மேல். அரை மி.மீ. தடிமன் கூடுதலா குறைவா என்பது எட்டே வாரத்தில் ஒருவரின் சிரிப்பையே மாற்றிவிடலாம். எனவே எலும்பைக் காக்க ஏதாவது செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு "எல்லாருக்கும் வேண்டும்" என்ற பதிலும் தவறு, "யாருக்கும் வேண்டாம், தானாக ஆறும்" என்ற பதிலும் தவறு. சுவரின் தடிமனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இழந்த சில மி.மீ.யால் என்ன குறை வந்துவிடும் என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக வைக்கப்படும் ஒரு இம்பிளாண்ட்டின் விட்டம் 4 மி.மீ. அதன் உட்புறம் குறைந்தது 1 மி.மீ.யும், வெளிப்புறம் ஒன்றரை முதல் 2 மி.மீ. வரையும் எலும்பு சூழ்ந்திருக்க வேண்டும். ஆக மொத்தம் ஏழு மி.மீ.யை ஒட்டி வருகிறது. ஷ்ரோப் அளந்ததோ 5.9. அந்த ஒரு மி.மீ. பற்றாக்குறைக்காகத்தான் பின்னால் தனியாக எலும்பு வைக்கும் அறுவை தேவைப்படுகிறது. மேல் கடைவாய்ப்பற்கள் போன இடத்தில் இன்னொரு திசையிலிருந்தும் இழப்பு வரும். வேர்களுக்கு மேலே இருக்கும் சைனஸ் அறை, பல் போனதும் கீழ்நோக்கி விரிந்துகொண்டு வருவதுண்டு. கீழே வரப்பும் குறைந்து மேலே சைனஸும் இறங்கினால் நடுவில் மிஞ்சுவது மெல்லிய தகடு. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக்கி பிரிட்ஜ் போடுபவருக்கும் பாதிப்பு உண்டு. செயற்கைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே கருப்பாக ஒரு சந்து தெரியும், அதில் சோற்றுப்பருக்கை போய்ச் சிக்கும்.

எல்லாப் பற்களையும் இழந்து பல்செட் போட்டவர்களின் கதை இன்னும் கடினமானது. அன்ட்யே டால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வில் முழுப் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்திருந்தார். முதலாண்டில் இழப்பு வேகமாக இருந்தது. பிறகு வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கீழ்த்தாடையின் இழப்பு மேல்தாடையைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. பல்செட் ஈறின்மேல் உட்கார்ந்து அழுத்துகிறது. இழுப்பதற்கு நார்கள் இல்லை, எலும்பு அழுத்தத்தைத் தாங்காமல் தேய்கிறது. மேல்செட் ஒட்டிக்கொண்டிருக்க, கீழ்செட் மட்டும் நாக்கு அசையும்போதெல்லாம் எழும்புவதற்குக் காரணம் இதுதான். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லோடு முகத்தின் கீழ்ப் பாதியும் போகிறது. உதடு உள்ளே மடிந்து, மோவாய் மூக்கை நோக்கி எழும்பும் பொக்கைவாய் முகத்துக்கு வயது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கரைந்துபோன வரப்பு.

காக்கும் வழிகள்: பல்லிலிருந்து தொடங்கி

எலும்பைக் காப்பது என்றதும் குழிக்குள் எலும்புத் தூள் போடுவதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் வர வேண்டியவை இரண்டு உண்டு, அவற்றைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

முதலாவது, பல்லையே காப்பது. எலும்பைக் காக்கும் ஆகச் சிறந்த பொருள் இன்றுவரை பல்லின் வேர்தான். வேர் சிகிச்சை செய்து தொப்பி போட்டால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடக்கூடிய பல்லை, இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் அவசரமாக எடுத்துவிடுவது எனக்கு ஒப்புதலில்லாத காரியம். மேல்பகுதி முழுக்க உடைந்து, தொப்பிக்குத் தேறாத பல்லாக இருந்தால்கூட வேரை விட்டுவைக்க வழி உண்டு. குரம், ரூனி என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வு ஒன்று இதில் மறக்கக் கூடாதது. ஒரு சாராருக்குக் கீழ்த்தாடையின் இரண்டு கோரைப்பல் வேர்களை மட்டும் விட்டுவைத்து, அவற்றின்மேல் பல்செட் பொருத்தினார்கள். இன்னொரு சாராருக்கு எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு வழக்கமான பல்செட். ஐந்தாண்டு முடிவில் முன்தாடையின் உயர இழப்பு முதல் சாராருக்குச் சராசரி 0.6 மி.மீ.; இரண்டாம் சாராருக்கு 5.2 மி.மீ. இரண்டே வேர்கள்!

வேரை ஈறுக்குள் புதைத்து மேலே ஈறை மூடிவிடும் முறையும் இருக்கிறது. அடிபட்டு எலும்போடு ஒட்டிப்போன முன்பல் உள்ள வளரும் குழந்தைகளுக்கு, பல்லின் தலையை மட்டும் நீக்கிவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். காலப்போக்கில் வேர் கரைந்து அவ்விடத்தில் எலும்பு வரும்; வரப்பு குலையாது. ஸ்வீடனில் பார்ப்ரோ மால்ம்கிரென் 1984இல் விவரித்த முறை இது. 2010இல் ஜெர்மனியின் மார்கஸ் ஹூர்ட்ஸ்லர் குழு விவரித்த முறை இன்னும் நுட்பமானது. வேரின் உதட்டுப்பக்கச் சீவலை மட்டும் நார்களோடு சேர்த்துக் குழியில் விட்டுவிட்டு, அதற்கு உட்புறமாக இம்பிளாண்ட் வைப்பது. நார் அறுபடாததால் கற்றை எலும்பு உயிரோடு இருக்கிறது. யோசனை அழகானது. ஆனால் கை தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, எல்லாரும் எல்லாருக்கும் செய்வதற்கில்லை.

இரண்டாவது, எடுக்கும் விதம். அரை மி.மீ. சுவர் உடையாமல் பல் வெளியே வருகிறதா என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. குறடால் பிடித்து உதட்டுப்பக்கம் சாய்த்து நெம்பினால் சுவர் பல்லோடு சேர்ந்து வந்துவிடும். பொறுமையுள்ள மருத்துவர் மெல்லிய கத்திபோன்ற கருவியை வேருக்கும் எலும்புக்கும் நடுவே இறக்கி நார்களை அறுப்பார். பல வேர் உள்ள கடைவாய்ப்பல்லாக இருந்தால் வேர்களைத் தனித்தனியாக வெட்டிப் பிரித்து ஒவ்வொன்றாக எடுப்பார். முடிந்தவரை ஈறைக் கிழித்துத் திறக்காமல் வேலை செய்வார், ஏனெனில் ஈறை எலும்பிலிருந்து பிரித்தால் சுவருக்கு மிச்சமிருந்த இரத்த ஓட்டமும் குறையும். எடுத்த பிறகு குழியின் இரண்டு சுவர்களையும் விரலால் அழுத்திச் சேர்ப்பது பல தலைமுறைகளாகக் கற்றுவந்த பழக்கம். பின்னால் இம்பிளாண்ட் வைக்கும் எண்ணம் இருந்தால் அந்த அழுத்தல் கூடாது. நாமே அகலத்தைக் குறைத்ததாகிவிடும். நிதானமாகப் பல் எடுக்க நேரம் பிடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கைப்பழக்கம் இல்லாத மருத்துவர் தடுமாறுவதுபோலத் தோன்றலாம். நிதானம்தான் அங்கே சிகிச்சை.

குழிக்குள் வைக்கும் தூள்

இதற்குப் பிறகுதான் எலும்புத் தூள். குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கால் மி.மீ. முதல் 1 மி.மீ. வரையிலான மணிகளை நிரப்பி, மேலே ஒரு சவ்வை மூடித் தைத்துவிடுகிறார்கள். மணிகளை நெருக்கி அடைக்கக் கூடாது. இடையில் இரத்தக் குழாய்கள் நுழைய வழி வேண்டும். சவ்வு, வேகமாக வளரும் ஈறுத்திசு குழிக்குள் இறங்கி எலும்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கிறது. பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தாலான, தானே கரையும் சவ்வு. சில இடங்களில் பின்னால் எடுக்க வேண்டிய, கரையாத சவ்வு.

தூள் கற்றை எலும்பின் கரைதலை நிறுத்துவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கற்றை எலும்பு எப்படியும் போகும். மெதுவாகக் கரையும் மணிகள் கூடாரத்துக் கம்புகளைப்போல உள்ளிருந்து தாங்கி, வரப்பு உள்ளே விழாமல் பார்த்துக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றிப் புது எலும்பு வளர்கிறது. மாட்டெலும்பிலிருந்து செய்த மணிகள் பல ஆண்டுகள் கழித்தும் எலும்புக்குள் பதிந்தபடி இருக்கும். அதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் முழுக்க உங்கள் எலும்பாகிவிட்டது என்று சொல்லவும் முடியாது.

மாடு என்று சொன்னேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குழிக்குள் வைக்கும் பொருள் நான்கு வழியில் வரலாம்: உங்கள் உடம்பிலிருந்தே எடுத்த எலும்பு, இறந்தவர் தானம் தந்து பதப்படுத்தப்பட்ட மனித எலும்பு, விலங்கு எலும்பு, ஆலையில் செய்த கால்சியம் பாஸ்பேட் அல்லது உயிர்க்கண்ணாடி. விலங்கு எலும்பு பெரும்பாலும் மாட்டினுடையது. சில தயாரிப்புகள் பன்றியிலிருந்தும் குதிரையிலிருந்தும் வருகின்றன. மூடும் கொலாஜன் சவ்வும் அநேகமாக மாடு அல்லது பன்றியிலிருந்துதான். உயிர்ப்பொருளையெல்லாம் நீக்கிச் சுத்திகரித்தே விற்கிறார்கள், மருத்துவ ரீதியில் அது பெரிய பிரச்சினையாக இல்லை. ஆனால் சமயத்தாலோ கொள்கையாலோ இவற்றில் ஏதோவொன்றை ஏற்காதவர்கள் ஏராளம். ஒருவர் உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் பொருள் எதிலிருந்து வந்தது என்று முன்கூட்டிச் சொல்லாமல் வைப்பது தவறு என்றே நினைக்கிறேன். "எலும்புத் தூள் போட்டுவிடுகிறேன்" என்ற ஒரு வரி சம்மதம் கேட்டதாகாது. மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். மாற்றுப் பொருள் எப்போதும் இருக்கிறது.

உங்கள் இரத்தத்தையே சிறிது எடுத்துச் சுழற்றி, அதிலிருந்து கிடைக்கும் ஃபைப்ரின் (இரத்தத்தை உறையவைக்கும் புரதம்) கட்டியைக் குழியில் வைக்கும் முறையும் பரவலாகிவிட்டது. பிரான்சில் ஜோசப் ஷுக்ரூன் 2001இல் அறிமுகப்படுத்தியது. ஈறு சீக்கிரம் ஆறவும் வலி குறையவும் அது உதவும். வரப்பின் அகலத்தைத் தனியாகத் தாங்கும் வலு மணிகளுக்கு இருப்பதுபோல அதற்கு இல்லை.

இத்தனையும் செய்து எவ்வளவு மிச்சமாகிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் புதுப்பித்த தொகுப்பாய்வு, விலங்கெலும்பு மணிகள் வைத்தவர்களுக்கு வெறுமனே பல் எடுத்தவர்களைவிட அகலத்தில் ஏறக்குறைய 1.2 மி.மீ.யும் உயரத்தில் 1.35 மி.மீ.யும் குறைவாகவே இழப்பு ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. கூடவே, அந்தச் சான்றின் உறுதி மிகக் குறைவு என்றும் சொன்னது. ஆய்வுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று முறை வேறு. எனவே "தூள் போட்டால் எலும்பு அப்படியே இருக்கும்" என்று யாராவது உறுதி சொன்னால் அது மிகை. இழப்பு குறையும், நிற்காது. மேல் முன்பல்லில் அந்த ஒரு மி.மீ. ஈறுக்கோட்டைக் காப்பாற்றும். முன்பு போட்ட ஏழு மி.மீ. கணக்கிலும் அந்த ஒரு மி.மீ.தான் இரண்டாவது அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். தடித்த சுவருள்ள கீழ்க் கடைவாய்ப்பல்லில் அதே ஒரு மி.மீ.க்காகச் செலவழிப்பது பலருக்குத் தேவைப்படாது.

பல்லை எடுத்த உடனே இம்பிளாண்ட்டைச் செருகிவிட்டால் எலும்பு தங்கிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 2004, 2005இல் மனிதரிலும் நாய்களிலும் நடந்த ஆய்வுகள் அதைத் தகர்த்தன. இம்பிளாண்ட்டில் நார்கள் இல்லை. கற்றை எலும்பு அது இருப்பதையே பொருட்படுத்தாமல் கரைந்தது. இன்றும் உடனடி இம்பிளாண்ட் வைக்கிறார்கள், நல்ல முறைதான். ஆனால் அதைச் சற்று உட்புறம் தள்ளி வைத்து, வெளிச்சுவருக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் மணிகளை நிரப்புகிறார்கள்.

தேவைப்படாதவர்கள், கவனம் வேண்டியவர்கள்

ஞானப்பல் எடுத்த குழிக்கு எலும்புத் தூள் பொதுவாக வேண்டாம். அங்கே யாரும் பல் வைக்கப்போவதில்லை. பால்பல்லுக்கு வேண்டாம், கீழிருந்து வரும் பல் தன் எலும்போடு வரும். பற்களைச் சீராக்கக் கம்பி கட்டுவதற்காக எடுக்கப்படும் முன்கடைவாய்ப்பல்லுக்கும் வேண்டாம். பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகரும்போது தன் எலும்பையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இதே உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்துவதும் உண்டு: எடுக்கப்போகும் பல்லைச் சில வாரங்கள் கம்பியால் மெல்ல வெளியே இழுத்தால், எலும்பும் ஈறும் அதோடு இறங்கி வரும். பிறகு எடுத்தால் கையிருப்பு கூடுதலாக இருக்கும். சீழ் வைத்துக் கொதித்துக்கொண்டிருக்கும் குழியில் அன்றே தூள் போடாமல் சில வாரம் பொறுத்துச் செய்வதே பெரும்பாலும் நல்லது.

எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ சொலெட்ரானிக் அமிலம், அலென்ட்ரோனேட், டெனோசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்கள் பல் எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எலும்பு தின்னும் செல்களை இந்த மருந்துகள் முடக்குவதால், அரிதாகக் குழி ஆறாமல் தாடையெலும்பே செத்துப்போகலாம். மருத்துவ உலகம் இதை 2003இல்தான் முதலில் கவனித்தது. இவற்றில் சிலவற்றை ஆண்டுக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஊசியாகப் போடுவதால் பலர் அதை மருந்துப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. கழுத்திலோ முகத்திலோ கதிர்வீச்சு பெற்றவர்களும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். புகைப்பவர்களுக்கு உறைகட்டி கலைந்து, இரண்டு மூன்றாம் நாள் குழி காய்ந்து தாங்க முடியாத வலி வரும் வாய்ப்பு அதிகம். வைத்த தூள் தங்காமல் போகும் வாய்ப்பும் அதிகம். எல்லாருமே முதல் நாள் வாயைக் கொப்பளிக்காமல், உறிஞ்சுகுழலில் எதையும் உறிஞ்சாமல் இருந்தால் உறைகட்டி தங்கும். மேலே இவ்வளவு நேரம் பேசிய எலும்பு எல்லாவற்றுக்கும் அதுதான் விதை.

ஆண்டுகள் கடந்து வரப்பு ஏற்கெனவே ஒடுங்கிவிட்டவர்கள் இதையெல்லாம் படித்து மனம் நோக வேண்டாம். வரப்பைப் பிளந்து விரிப்பது, வேறிடத்து எலும்பைத் துண்டாக வைப்பது, சைனஸ் தரையை உயர்த்துவது என்று வழிகள் உண்டு. அறுவை பெரிது, காலம் நீளம், அவ்வளவுதான். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முன்பக்கம் இரண்டே இம்பிளாண்ட் வைத்து அதில் பல்செட்டைக் கொளுவுவதை முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று 2002இல் மெகில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். டால்கிரென் பார்த்த அந்த ஓயாத தேய்மானம் அவ்விரண்டைச் சுற்றி வெகுவாகக் குறைகிறது.

தூள் வைத்துக் காத்த வரப்புக்கும் காலக்கெடு உண்டு. நான்கு முதல் ஆறு மாதத்தில் அது இம்பிளாண்ட்டுக்குத் தயாராகும். வலியில்லை, ஈறு அழகாக மூடிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று ஓரிரண்டு ஆண்டு விட்டுவிட்டால், வேலையில்லாத அந்த எலும்பும் மெல்லக் குறையும். தையல் பிரிக்க வரும் நாளிலேயே நான்காம் மாத ஸ்கேனுக்கும் தேதி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.